படலை திறந்த கதை
நோர்வேயில் நமது காலம் (வரலாற்றுத் தொடர்) – 17

ஒஸ்லோப் பாடசாலைகளுக்கு இலையுதிர்கால விடுமுறை ஆண்டின் 40ஆவது கிழமையில் வருகிறது. ஒரு காலத்தில் கிழங்கு கிண்டுவதற்காகப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய கிழமை அது. வயதான நோர்வேஜியர்கள் இன்றைக்கும் அதை உருளைக்கிழங்கு விடுமுறை என்றுதான் சொல்வார்கள். எல்லிங்ஸ்ருட்டில் இப்போது கிண்டக் கிழங்கு இல்லை. ஆக்கர் பிரதேசத்தின் வயலும் காடுமாகக் கிடந்த இந்த மேட்டுநிலம் 1948இல் ஒஸ்லோவோடு சேர்ந்ததையும், எழுபதுகளில் இங்கே அடுக்குமாடிகள் எழுந்ததையும், 1981 நவம்பரில் பாறையைக் குடைந்து கட்டிய எல்லிங்ஸ்ருட்ஓசன் நிலையத்துக்கு ரி-பானா நகர ரயில் வந்து சேர்ந்ததையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அதே 2ஆம் இலக்கத் தடத்தில் ஏறி மத்திய நிலையத்தில் இறங்கி, பேர்கன் ரயில் பிடித்து மேற்கே போகிற தமிழ்க் குடும்பங்கள் இந்த விடுமுறையில் உண்டு. வோஸில் இறங்கி பஸ் ஏறினால் ஹர்டாங்கர் ஃபியோர்டின் கிளை ஒன்றின் முடிவில் உல்விக். மரங்களில் அப்பிள் சிவந்து கிடக்கும் காலம் அது.

திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து, அங்கேயே பிழிந்த வைனை அங்கேயே சுவைத்து வருகிற விடுமுறை என்றால் எங்கள் அயலவர்களுக்கு நினைவு வருவது இத்தாலியின் தொஸ்கானா, போர்த்துக்கலின் டூரோ ஆற்றங்கரை, ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கு. அப்படி ஒரு பயணத்தை நோர்வேக்குள்ளேயே செய்யலாம் என்று இருபது வருடங்களுக்கு முன் யாரும் பேசியதில்லை. மலை அன்றும் இருந்தது. ஃபியோர்டு இருந்தது. அப்பிள் எண்ணூறு வருடமாக இருக்கிறது. பிழிந்து புளிக்கவைக்கும் கைப்பழக்கமும் பண்ணை வீடுகளில் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: தன் தோட்டத்துப் பானத்தைத் தன் படலையில் வைத்து விற்கலாம் என்கிற அனுமதி. அது பறிபோனதும் திரும்பி வந்ததும்தான் இந்த அத்தியாயம். நான் இதை எழுதுவதற்கு நோர்வே மட்டும் காரணமில்லை, பனையும் காரணம். அதற்குப் பிறகு வருவோம்.

மதுவுக்கும் இந்த நாட்டுக்கும் உள்ள உறவு சட்டப் புத்தகத்திலேயே தொடங்குகிறது. மேற்குக் கரையின் பழைய குலாதிங் சட்டம் நத்தாருக்கு பியர் காய்ச்சுவதைக் குடியானவனின் கடமையாக்கியது. காய்ச்சத் தவறினால் ஆயருக்குத் தண்டம். மூன்று குளிர்காலம் தொடர்ந்து தவறினால் சொத்தே பறிபோகும். வைன் அப்படியல்ல, அது கப்பலில் வந்த பொருள். கி.பி. 1000 அளவில் லெயிஃப் எரிக்சன் அத்திலாந்திக்கைக் கடந்து கண்ட கரைக்கு வின்லாந்து என்று பெயர் வைத்ததாகவும், அங்கே திராட்சை கண்டதாகவும் சாகா என்னும் பழங்கதைகள் சொல்கின்றன. அந்தக் குடியிருப்பின் தடயத்தை 1960இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் கண்டவர்களும் ஒரு நோர்வேத் தம்பதிதான்: ஹெல்கே இங்ஸ்டாடும் அன்ன ஸ்தீன இங்ஸ்டாடும். திராட்சை விளையாத நாட்டார் கடல் கடந்து போயும் திராட்சையைத் தேடியிருக்கிறார்கள்.

1186இல் பேர்கன் நகரில் அரசர் ஸ்வெர்ர கூட்டம் கூட்டிப் பேசினார். ஜெர்மன் வணிகர் கப்பல் கப்பலாக வைனைக் கொண்டுவந்து இறக்கியதில் அது பியர் விலைக்கே மலிந்துவிட்டது. தெருவில் வெட்டும் குத்தும். கோதுமையும் தேனும் கொண்டுவந்த ஆங்கிலேயருக்கு நன்றி சொன்ன அரசர், ஜெர்மன்காரரைக் கடிந்துகொண்டார். ஆனால் தேவாலயங்களில் நிலைமை நேர்மாறு. திருப்பலிக்கே வைன் போதவில்லை. அதற்குப் பதிலாக பியரை வைக்கலாமா என்ற கேள்வி ரோமாபுரி வரை போனது. 1237இல் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரி, கூடாது என்று நிதரோஸ் பேராயருக்கு எழுதிவிட்டார். ஒரே நாட்டில், ஒரே காலப்பகுதியில், துறைமுகத்தில் வைன் வழிந்தது. உள்ளூர்ப் பீடத்தில் சொட்டும் இல்லை.

பழத்தோட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் துறவிகள். எல்லிங்ஸ்ருட்வாசிகளுக்கு இதைப் பார்க்கத் தூரம் போகவேண்டியதில்லை. நகரமண்டபத் துறையில் படகேறினால் சில நிமிடத்தில் ஹொவெதோயா தீவு. 1147இல் இங்கிலாந்தின் கேர்க்ஸ்டெட் மடத்திலிருந்து வந்த சிஸ்தேர்சியத் துறவிகள் கட்டிய மடத்தின் இடிந்த சுவர்கள் அங்கே நிற்கின்றன; 1532இல் அது எரிக்கப்பட்டது. அதற்கு ஒரு வருடம் முன்னதாக, 1146இல், அதே சபையின் ஃபவுண்டன்ஸ் மடத்தார் பேர்கனுக்குத் தெற்கே லீசவில் மடம் அமைத்தார்கள். அந்த மடத்துக்கு ஹர்டாங்கரில், இன்றைய லோஃப்ட்ஹுஸ் ஊருக்கு மேலே, ஒப்பெடால் என்ற பண்ணை சொந்தமாக இருந்தது. அங்கிருந்துதான் இந்தக் கரையெங்கும் பழ மரம் பரவியது என்பது ஹர்டாங்கர் மக்களின் நம்பிக்கை. வரலாற்றாசிரியரும் அதை மறுப்பதில்லை. ஒப்பெடாலுக்கு மேலே மலையில் துறவிகள் அடுக்கிய 616 கற்படிகள் இன்றும் இருக்கின்றன. ஏறிப் பார்க்கவேண்டும். கால் நடுங்கும். திரும்பிப் பார்த்தால் கீழே கரையோரம் முழுவதும் அப்பிள் வரிசை. எதிரே ஃபோல்கஃபொன்னா பனிமலை.

60 பாகை வடக்கில் அப்பிள் எப்படி? ஃபியோர்டு நீர் கடல் நீர். கோடைச் சூட்டைப் பிடித்து வைத்துக் குளிர்காலத்தில் மெல்ல விடும். செங்குத்துச் சரிவுகள் வெயிலை முழுதாக வாங்கும். யூன், யூலையில் வெளிச்சம் அணைவதே அரிது. இரவோ குளிர்ந்தே இருக்கும். பழம் அவசரப்படாமல் பழுப்பதால் புளிப்பும் மணமும் கரையாமல் தங்குகின்றன. கடையில் இனிப்பாக மட்டும் இருக்கிற அப்பிளிலிருந்து நல்ல சைடர் வராது. கிராவென்ஸ்டைன், அரோமா, டிஸ்கவரி, சமர்ரெட் என்று ஹர்டாங்கரில் விளைகிற இனங்களைக் கடித்தால் முதலில் தெரிவது புளிப்பு.

பண்ணை வீட்டில் சைடர் செய்யும் முறை எளிது. பழத்தை இடித்துப் பிழிந்து சாற்றை மரப் பீப்பாவில் ஊற்றிக் குளிர்ந்த நிலவறையில் விடுவார்கள். மேலும் திடமாக வேண்டியவர்கள் சீனி சேர்ப்பார்கள். கலியாணம், நத்தார், மே 17 தேசிய தினம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பீப்பா. விற்கவென்று செய்தது குறைவு. வீட்டுக்கு வருபவரை வெறுங்கையோடு அனுப்பாத பழக்கம் அது.

வெளியூரார் ஹர்டாங்கருக்கு வரத் தொடங்கியது சைடருக்காக அல்ல, காட்சிக்காக. ஊத்ன ஊரில் 1722இல் தொடங்கிய விடுதி இன்றும் விருந்தினரை ஏற்கிறது. 1848இல் திதெமான்டும் கூதேயும் சேர்ந்து தீட்டிய ‘ஹர்டாங்கர் மணமகள் ஊர்வலம்’ என்ற ஓவியம் இந்த ஃபியோர்டை நாடு முழுவதற்கும் காட்டியது. ஒஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் அதன் முன் நின்று பார்க்கலாம். 1850இல் ஆங்கிலேயரான தோமஸ் பென்னட் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், பயண அலுவலகம் திறந்தார். அதன் பிறகு ஆங்கிலேயர், ஜெர்மானியர் என்று வரத் தொடங்கினார்கள். இசையமைப்பாளர் எட்வார்ட் கிரீக் 1870களின் பிற்பகுதியில் லோஃப்ட்ஹுஸில் சிறு குடில் போட்டு இசை எழுதினார். 1909 நவம்பரில் பேர்கன் ரயில்பாதை முழுதாகத் திறந்தது. அதன் உச்சி நிலையமான ஃபின்ச கடல் மட்டத்திலிருந்து 1,222 மீட்டர். ஒஸ்லோவிலிருந்து ஒரே நாளில் ஃபியோர்டுக் கரைக்கு வரலாம் என்றானது. அந்த வேகத்தில் போயிருந்தால் ஹர்டாங்கர் சைடரும் அன்றே ஊர்ப்பெயர் பெற்றிருக்கும். நடுவே வந்தது மதுவிலக்கு.

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும்.

முதல் உலகப் போர். நோர்வே நடுநிலை நாடு. ஆனால் தானியம் வெளியிலிருந்து வரவேண்டும். 1916 டிசம்பரில் குன்னார் க்னூட்சன் அரசாங்கம் வடித்த மதுவைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு ஷெரி, போர்ட் போன்ற திடமான வைன்களும் தடைக்குள் வந்தன. போர் முடிந்த பின் தடையை நிலையாக்கலாமா என்று 1919 ஒக்டோபரில் மக்களிடம் கேட்டார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 62 பேர் ஆம் என்றார்கள். மேற்கும் தெற்கும் செபக்கூடங்களும் மதுவொழிப்புச் சங்கங்களும் வேரூன்றிய பகுதிகள். அங்கிருந்துதான் ஆம் குவிந்தது. தலைநகரம் வேண்டாம் என்றது. குடியால் பிள்ளைகள் பட்டினி கிடந்த வீடுகளைப் பார்த்தவர்கள் போட்ட வாக்கு அது. அந்த வாக்கை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு நான் உடன்பட்டதில்லை. எங்கள் ஊர்களிலும் அந்த வீடுகள் இருந்தன.

ஆனால் வைன் விற்கும் நாடுகள்தான் நோர்வேயின் மீனை வாங்குகிற நாடுகள். கொட் மீனைப் பிளந்து உப்பிட்டு, கடற்கரைப் பாறையில் காயவைத்த கருவாட்டை இங்கே கிளிப்ஃபிஸ்க் என்பார்கள். கிறிஸ்தியான்சுண்ட், ஓலெசுண்ட் துறைமுகங்களின் வாழ்வே அதில்தான். அதை வாங்கியவர்கள் ஸ்பானியரும் போர்த்துக்கேயரும். எங்கள் வைனை நீங்கள் வாங்காவிட்டால் உங்கள் மீனை நாங்கள் ஏன் வாங்கவேண்டும் என்று அந்த நாடுகள் கேட்டன, வரியை உயர்த்தின. பிரான்சும் சேர்ந்துகொண்டது. வடக்கே கரையோரக் கிராமங்களில் மீன் தேங்கியது. எங்கோ அந்தலூசியாவில் திராட்சை பயிரிடுபவனின் கோபம் லொபோதன் தீவின் மீனவன் வீட்டு அடுப்பை அணைத்தது. 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அன்ரனி ராஜேந்திரம் இந்த நாட்டில் கற்றுக்கொண்டதும் மீன்பிடித் தொழில்தான். அதிலிருந்தே காரைநகரின் சீநோர் நிறுவனம் பிறந்தது. நோர்வேயின் வரலாற்றை எந்த வாசலால் நுழைந்து பார்த்தாலும் மீன்தான் எதிர்ப்படுகிறது.

அரசாங்கம் இறங்கி வரவேண்டியதாயிற்று. பிரான்சுடன் 1921இல் உடன்படிக்கை, அடுத்து ஸ்பெயின், 1923இல் போர்த்துக்கல். ஒவ்வொன்றிலும் இவ்வளவு லீற்றர் மதுவை வாங்கியே தீருவோம் என்ற வாக்குறுதி. மதுவிலக்கு உள்ள நாடு மதுவை வாங்குவதாகக் கையெழுத்திட்டது. போர்த்துக்கல் விவகாரத்தில் 1923இல் பிளேர் அரசாங்கம் விழுந்தது. அதே வருடம் திடமான வைன்கள் மீதான தடை நீங்கியது. வடித்த மதுத் தடையையும் நீக்க முயன்ற பேர்க அரசாங்கம் 1924இல் விழுந்தது. இடையில் ஜெர்மன் சாராயம் தகரக் கொள்கலன்களில் இரவோடிரவாக ஒஸ்லோ ஃபியோர்டுக்குள் வந்துகொண்டிருந்தது. வைத்தியர்கள் மருந்துச் சீட்டில் பிரண்டி எழுதினார்கள். 1926 ஒக்டோபரில் மறுபடி மக்களிடம் போனார்கள். இம்முறை நூற்றுக்கு 56 பேரளவில் தடை வேண்டாம் என்றார்கள். 1927இல் தடை முடிந்தது.

தடை முடிந்தது, ஆனால் அதன் நடுவில் பிறந்த ஒன்று தங்கிவிட்டது. வைன் நாடுகளிடம் வாங்குவதாக ஒப்புக்கொண்டதை ஒழுங்காக வாங்கி விற்க 1922இல் ஒரு நிறுவனம் அமைத்தார்கள். அதுதான் வின்மொனொபோலே. நாங்கள் எல்லோரும் போலே என்று சொல்கிற அதே கடை. 1939இல் அது முழுதாக அரசுடைமையானது. தனியார் எவரும் மதுவை விற்று இலாபம் பார்க்கக்கூடாது, ஆகவே குடிக்கச் சொல்லித் தூண்டவும் ஆள் இருக்கக்கூடாது என்பது அதன் அடிப்படை. இன்றும் 4.7 வீதத்துக்கு மேற்பட்ட எதையும் சாதாரணக் கடையில் வாங்க முடியாது. 1999 வரை போலேயில் கல்லாவுக்கு முன் வரிசையில் நின்று பெயர் சொல்லித்தான் போத்தல் வாங்கவேண்டும். நாமே எடுத்துப் பார்க்கும் கடை அதன் பிறகுதான் வந்தது. 1975 முதல் மது விளம்பரமும் தடை.

இந்தக் கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அது யாரை மறந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1922இன் கணக்கில் போர்டோவுக்கும் ஷெரிக்கும் இடமிருந்தது. உல்விக்கில் பத்து வரிசை அப்பிள் மரம் வைத்திருந்த குடியானவனுக்கு இடமில்லை. அவன் வீட்டுத் தேவைக்குப் புளிக்கவைக்கலாம், வடிக்கக்கூடாது. வீட்டில் செய்ததைத் தன் படலையில் நின்று ஒருவருக்கு விற்றால் குற்றம். இங்கிலாந்திலும் நோர்மண்டியிலும் சைடர் ஊர்ப்பெயரோடு வளர்ந்தது. ஹர்டாங்கரில் அது நிலவறைக்குள் இருந்தது. பழத்தைக் கூட்டுறவுக் கிட்டங்கிக்குக் கொடுத்துவிட்டு, எடுபடாத சிறுகாயைச் சாறு பிழிவார்கள். அப்படியும் கைப்பழக்கம் அழியவில்லை. விற்க முடியாததை மூன்று தலைமுறை செய்துகொண்டேயிருந்தார்கள். இந்தத் தொடரில் பல சாதனைகளைப் பார்த்திருக்கிறோம். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

அதே காலத்தில் நோர்வேஜியர்கள் மற்றவர்களின் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போனார்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளருக்கு மூன்று கிழமை சம்பளத்தோடு லீவு கொடுத்தது. 1964இல் அது நான்காயிற்று. அறுபதுகளில் மலிவுப் பயண விமானங்கள் மயோர்க்காவுக்கும் கனாரித் தீவுகளுக்கும் ஏற்றிக்கொண்டு போயின. மேசையில் சோற்றோடு வைன் வைத்துச் சாப்பிடுகிற பழக்கம் அங்கிருந்துதான் இந்த நாட்டுக்கு வந்தது. முன்பு சனிக்கிழமை இரவில் வடித்த மதுவை ஒரே மூச்சில் குடித்து முடித்த நாடு, மெல்ல வைனுக்கு மாறியது. உள்ளூரில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழ மேலும் ஒரு தலைமுறை ஆனது.

2002இல் நோர்வே ஊர்ப்பெயர்ப் பாதுகாப்புச் சட்ட ஒழுங்கைக் கொண்டுவந்தது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு போன்றது அது. 2009இல் ‘ஹர்டாங்கர் சைடர்’ அந்தப் பட்டியலில் ஏறியது: ஹர்டாங்கரில் விளைந்த அப்பிளை ஹர்டாங்கரிலேயே பிழிந்திருக்கவேண்டும். பெயர் கிடைத்தது, விற்கும் இடம் இன்னும் போலே மட்டும்தான். கடைசியில் 2016 யூலை 1 முதல், பழ வைன், சைடர் போன்றவற்றைத் தாமே செய்கிறவர்கள், 22 வீதத்துக்கு மேற்படாததைத் தமது பண்ணையிலேயே போத்தலில் விற்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். போலே திறந்திருக்கிற நேரத்தில் மட்டுமே விற்கலாம், ஞாயிற்றுக்கிழமை கிடையாது. 1922இலிருந்து எண்ணினால் 94 வருடம்.

படலை திறந்ததும் ஊரே மாறியது. உல்விக்கில் அடுத்தடுத்த பண்ணைகள் சேர்ந்து நடந்தே போகக்கூடிய ஒரு பழ, சைடர்ப் பாதை வைத்திருக்கிறார்கள். சோர்ஃபியோர்டின் மேற்குக் கரையில் ஆகா ஊரைச் சுற்றி அடுத்த கூட்டம். அதே ஆகாவில் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய, நீதிமான் சிகுர்ட் பிரின்யுல்வ்சனின் மரவீடு பழைய முற்றத்தோடு அப்படியே நிற்கிறது. அதைப் பார்க்காமல் சைடர் மட்டும் சுவைத்துவிட்டு வருவது பாதிப் பயணம். பழைய தலைமுறை விட்டுப்போன தோட்டங்களுக்கு நகரத்துப் பிள்ளைகள் திரும்பி வந்திருக்கிறார்கள்.

பிழியும் கொட்டிலுக்குள் ஒருமுறை போய்விட்டால் போதும், மற்றதெல்லாம் விளங்கும். கழுவிய அப்பிள் அரைவைக்குள் விழுந்து சொதசொதவென்று கூழாக வரும். அதைத் தடித்த துணியில் பரப்பி, நான்கு மூலையும் மடித்து, மேலே மரச்சட்டம். அதன்மேல் அடுத்த துணி. அப்படிப் பத்துப் பன்னிரண்டு அடுக்கு ஏறியதும் மேலிருந்து அழுத்தம். அடியில் தட்டில் வழிகிற சாறு முதலில் வெளிர்ப் பச்சை. கண் முன்னாலேயே காற்றுப் பட்டுத் தேன் நிறமாகும். சக்கையை ஆட்டுக்குப் போடுகிறார்கள். சாறு தாங்கிக்குள் போய்விட்டால் பிறகு வேலை ஈஸ்ட்டினுடையது. மூடியில் பொருத்திய கண்ணாடி வளைகுழாயில் நீர் நிற்கும். உள்ளேயிருந்து வாயு ஒவ்வொரு குமிழாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். குளிரில் கிழமைக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் இது நடக்கும். நுரைக்கும் சைடர் வேண்டுமானால் போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கவிடுவார்கள். சாற்றை உறையவைத்து, நீரைப் பனியாகப் பிரித்து, எஞ்சிய தடித்த சாற்றில் செய்கிற இனிப்புச் சைடரும் உண்டு. பண்டிகைச் சாப்பாட்டின் முடிவில் சிறு கிண்ணத்தில் அதைத் தருவார்கள்.

எங்களோடு வந்த எல்லிங்ஸ்ருட் ஐயா ஒருவர், வடமராட்சிக்காரர், எழுபதைத் தாண்டியவர், அந்தத் தாங்கிக்குக் கிட்டப் போய் மூக்கை நீட்டி நின்றுவிட்டார். “தம்பி, இது எங்கட முட்டி நுரைக்கிற மணமெல்லே,” என்றார். பண்ணைக்காரப் பெண்ணுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, அது என்ன மரம், எத்தனை உயரம், எப்படி ஏறுவது என்று அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். ஐயா தளைநாரைக் காலில் போடுகிற விதத்தையும், பாளையைச் சீவுகிற கையையும், காலையில் இறக்கினால் இனிப்பு, பின்னேரம் வரை விட்டால் புளிப்பு என்பதையும் நடித்தே காட்டினார். சுவைப்பு அறையில் அன்று அதிக நேரம் பேசப்பட்டது பனையைப் பற்றித்தான்.

அப்பிளும் பனையும் ஒன்றல்ல. சைடர் வருடக்கணக்கில் நிற்கும்; கள்ளு ஒரு நாளில் மாறிவிடும். ஆனால் சட்டம் இரண்டையும் நடத்திய விதம் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கது. இலங்கையில் எழுபதுகளின் தொடக்கத்தில் தவறணைகளைக் குத்தகைக்காரரின் கையிலிருந்து எடுத்து, சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுத்தார்கள். மரத்தில் ஏறியவனுக்கே விற்பனையில் பங்கு வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. திக்கத்தில் வடிசாலையும் எழுந்தது. போர் அதன் மேல் வந்து விழுந்ததை இந்தத் தொடரின் வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கதை வேறு. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் கருணாநிதி காலத்தில் தளர்ந்து, 1974இல் மீண்டது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987 சனவரி முதல் கள் இறக்கத் தடை. 2003 முதல் டாஸ்மாக் தானே சில்லறைக் கடை நடத்துகிறது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படியே நடக்கிறது.

நோர்வேயும் தமிழ்நாடும் மது விற்பனையை அரசின் கையில் வைத்திருப்பவை. வின்மொனொபோலே 94 வருடத்துக்குப் பிறகு, தன் அடிப்படையைக் கைவிடாமலே, தோட்டக்காரனுக்கு ஒரு சிறு வாசலை விட்டது. அதனால் நாட்டில் குடி பெருகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஹர்டாங்கருக்குப் போகிறவர் போத்தலோடு மட்டும் திரும்புவதில்லை. மரத்தையும் மனிதரையும் பார்த்துவிட்டு வருகிறார். வேம்பாரிலோ உடன்குடியிலோ பனங்காட்டின் நடுவே, மரம் ஏறுகிறவரே தன் பதநீரையும் கள்ளையும் பிளாவில் ஊற்றி, அது எப்படி வருகிறது என்று சொல்லிக் கொடுக்கிற ஒரு பாதையை என்னால் தெளிவாகவே கற்பனை செய்ய முடிகிறது. அதற்கு மலையும் வேண்டாம், ஃபியோர்டும் வேண்டாம். உரிமம் வேண்டும், நேரக் கட்டுப்பாடு வேண்டும், ஏறுகிறவனின் பெயரில் அந்த உரிமம் இருக்கவேண்டும். இதை நான் நெஞ்சறிந்து கேட்கிறேன்.

உல்விக்குக்குப் போகிறவர்கள் ஒருவரை விட்டுவிட்டு வரக்கூடாது: உலாவ் ஹெ. ஹவ்க. 1908இல் அங்கே பிறந்து, 1994இல் அங்கேயே இறந்தவர். தோட்டக்கலை படித்து, சிறிய அப்பிள் தோட்டம் ஒன்றை வாழ்நாள் முழுவதும் தன் கையாலேயே பார்த்துவந்தார். பகலில் கிளை வெட்டி, மருந்தடித்து, பழம் பறித்தவர், இரவில் ஜெர்மனையும் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் தானே கற்று அவற்றின் கவிஞர்களை நோர்வே மொழிக்குக் கொண்டுவந்தார். நோர்வேயின் பெருங்கவிஞருள் ஒருவர் என்று அவரை இன்று நாடு கொண்டாடுகிறது. 2014இல் திறந்த ஹவ்க நிலையம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. அவருடைய நாட்குறிப்புகள் முழுக்க வானிலையும் மரமும்; இந்தச் சரிவுகளில் ஒரு வருடம் எப்படி நகர்கிறது என்பதை அறிய அவைபோல வேறில்லை.

காரில் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரத்தத்தில் மதுவின் அளவைக் கொண்டு ஓட்டுநருக்கு எல்லை வைத்த முதல் நாடு நோர்வே, 1936இல் ஆயிரத்துக்கு 0.5. 2001 முதல் அது 0.2. ஒரு கிண்ணம் சைடரே அந்த எல்லையைத் தொட்டுவிடக்கூடும். ஆகவே ரயிலும் பஸ்ஸும் படகுமே பொருத்தம். குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதே பண்ணைகளில் அதே பழத்தின் புளிக்காத சாறு உண்டு. எங்கள் வீட்டில் பெரும்பாலும் வாங்குவது அதைத்தான். 2013இல் திறந்த ஹர்டாங்கர்ப் பாலம் 1,310 மீட்டர் நீளத்துக்கு நடுத்தூணின்றி ஃபியோர்டைத் தாண்டித் தொங்குகிறது. பஸ் அதன் மேலால் போகும்போது பிள்ளைகளை யன்னல் பக்கம் இருத்துங்கள். மே மாதக் கடைசியில் போனால் பூ. செப்ரெம்பரிலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை போனால் பழம். மலை ஏறத் துணிந்தவர்கள் லோஃப்ட்ஹுஸில் ஒரு இரவு தங்கவேண்டும்.

திராட்சையே வேண்டும் என்பவர்களுக்கும் இப்போது இந்த நாட்டில் வழியுண்டு. ஜெர்மனியின் ஃபிரைபுர்க்கில் 1975இல் உருவாக்கிய சொலாரிஸ் என்ற வெள்ளைத் திராட்சை சீக்கிரம் பழுக்கும்; பூஞ்சையைத் தாங்கும். அதை நம்பித் தெலெமார்க்கின் குவார்வ் ஊரிலும், இன்னும் வடக்கே சோக்ன ஃபியோர்டுக் கரையிலும் சிலர் கொடி நட்டு வைன் எடுக்கிறார்கள். குவார்வ் பழைய அப்பிள் ஊர். செப்ரெம்பரில் அங்கே அப்பிள் திருவிழா நடக்கும். 1892இல் தாலன் வரை திறந்த தெலெமார்க் கால்வாயில் போகிற பழைய படகிலேயே அதன் பக்கத்துத் துறைக்குப் போய் இறங்கலாம். அந்தக் கால்வாயை வெட்டியவர்களையும், அதன் மதகுகளைக் கையால் திருப்பித் திறப்பதையும், 59 பாகைக்கு மேலே திராட்சை நட்டவர்களின் துணிச்சலையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)